தந்தமும் தேக்கும் சொல்லும் கதை

சாத்தம் தீவில் குடியேறி வாழும் நமக்கு மரம் புதிய பொருள் அன்று. 1883-ஆம் ஆண்டில் இங்கே நிறுவப்பெற்ற மர அறுவை ஆலையின் சங்கொலி கேட்டு எழுந்து, அதன் கூலியால் அடுப்பெரித்து, பிள்ளைகளைப் படிக்க வைத்த குடும்பங்கள் நம்முள் பல. படாக்கு மரத்தின் செந்நிறத்தையும், கர்ஜன் மரத்தின் எண்ணெய் மணத்தையும் நம் வீட்டுச் சிறுவரும் அறிவர். ஆலை வளாகத்திலுள்ள வனத்துறைக் காட்சிச்சாலைக்கும், 1942 மார்ச்சுத் திங்களில் சப்பானிய வானூர்தி வீசிய குண்டினால் விழுந்த பள்ளத்துக்கும் தாயகத்து உறவினரை அழைத்துச் செல்லாத வீடு அருமையே.

மரம் ஒரு நாட்டின் செல்வம். அம்மரத்தில் உளி பதித்த கை அந்நாட்டின் வரலாறு. அவ்வரலாறு ஒருவர் வாயால் மட்டும் சொல்லப்படும்போது உளி பிடித்தவனின் பெயர் மறைந்துவிடுகிறது. அங்ஙனம் பெயர் மறைந்த நம் நாட்டுக் கைவினைஞர் பலரின் கைத்திறனை ஒரே கூரையின்கீழ்க் காணும் இடம் ஒன்று பழைய கோவாவில் உண்டு. அதுவே கிறித்தவக் கலைப் பொருட்காட்சிச்சாலை. அதனைக் கண்டு வந்ததை நம் சங்கத்து அன்பர்களுக்கு எடுத்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

சென்ற வழி

எம்முடன் வந்தவர் இருவர். ஒருவர் அறுவை ஆலையில் நெடுநாள் தச்சுப் பணி புரிந்து ஓய்வு பெற்ற பெரியவர். மற்றவர் கல்லூரியில் வரலாறு பயிலும் அவருடைய பேத்தி. ஹாடோ துறையில் கப்பலேறி, மூன்று நாள் கடலைப் பார்த்துக் கொண்டே சென்னை சேர்ந்தோம். வானூர்தியில் இரண்டு மணி நேரத்தில் சென்றுவிடலாம் என்பது உண்மையே. ஆயினும் கடல் வழி வந்த கலையைக் காணச் செல்வோர் கடல் வழியே செல்வது பொருத்தம் என்று பெரியவர் கருதினார். சென்னையிலிருந்து இரயில் ஹூப்ளி, லோண்டா வழியாக மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடந்து இறங்குகிறது. தூத்சாகர் அருவி பாற்கடல் சரிந்தாற்போல் மலைமேலிருந்து விழும் காட்சியைச் சன்னலருகே அமர்ந்தோர் மறத்தல் அரிது. கோவாவின் தலைநகரான பணஜியிலிருந்து மாண்டவி ஆற்றின் கரையோரமாகப் பத்துக் கல் தொலைவுக்கும் குறைவாகச் சென்றால் பழைய கோவா வந்துவிடுகிறது.

பொன்னகரின் எச்சம்

1510-ஆம் ஆண்டில் அல்புகர்க் என்னும் போர்ச்சுகீசியத் தளபதி பீஜப்பூர்ச் சுல்தானிடமிருந்து கோவாவைக் கைப்பற்றினார். அன்று தொடங்கி 1961 டிசம்பர் 19-இல் இந்தியப் படை அதனை விடுவித்த நாள் வரை, நானூற்றைம்பது ஆண்டுகள் அது போர்ச்சுகலின் ஆட்சியில் இருந்தது. ஆப்பிரிக்காவின் மொசாம்பிக்கு முதல் சீனத்து மக்காவு வரை பரவியிருந்த அவர்களுடைய கீழைக் குடியேற்றங்களுக்கெல்லாம் கோவாவே தலைநகர். யானைத் தந்தம் ஆப்பிரிக்காவிலிருந்தும், பட்டு சீனத்திலிருந்தும் இத்துறைக்கு வந்து இறங்கின. பிற்காலத்தில் கொள்ளை நோய் மீண்டும் மீண்டும் தாக்கவே மக்கள் நகரை விட்டு அகன்றனர். 1843-இல் தலைநகரும் பணஜிக்கு மாற்றப்பட்டது. வீடுகள் மண்ணாயின, தேவாலயங்கள் மட்டும் தென்னந்தோப்புகளினிடையே நிற்கின்றன. 1986-ஆம் ஆண்டு முதல் இவை உலகப் பாரம்பரியச் சின்னங்களாகப் போற்றப்படுகின்றன.

நம் தமிழருக்கு இவ்வூர் வேறு வகையாலும் தொடர்புடையது. 1542 முதல் முத்துக்குளித்துறையில் பரதவரிடையே பணிபுரிந்த சவேரியாரின் உடல் இங்குள்ள பொம் சேசு பேராலயத்தில் வெள்ளிப் பேழையுள் வைக்கப்பட்டுள்ளது. தமிழ் எழுத்துக்கள் அச்சுக்காக முதன்முதல் வார்க்கப்பட்ட ஊர்களுள் ஒன்றும் இதுவே. 1578-இல் கொல்லத்தில் அச்சேறிய ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் பதினாறு பக்க நூலுக்கான எழுத்துக்களில் ஒரு பகுதி 1577-இல் கோவாவில் வார்க்கப்பட்டது. இந்திய மொழிகளுள் முதலில் அச்சு வாகனம் ஏறிய பெருமை தமிழுக்கு உரியது என்று நாம் மேடைதோறும் பேசுகிறோம். அப்பெருமையின் தொட்டில் ஓரளவு இவ்வூரில் ஆடியது என்பதையும் நினைவிற் கொள்ளுதல் நன்று.

கன்னியர் மடம் காட்சிச்சாலையானது

திருக்குன்று எனப்படும் மேட்டில், அகுஸ்தீனார் சபையின் இடிந்த ஆலயக் கோபுரம் வானை நோக்கி ஒற்றையாய் நிற்கிறது. 46 மீட்டர் உயரமாயிருந்த அக்கோபுரத்தில் பாதியே இன்று எஞ்சியது. அதன் எதிரே, சுவருக்குச் சுவர் முட்டுக் கொடுத்து, கோட்டை போல் விளங்குவது சாந்தா மோனிக்கா கன்னியர் மடம். பேராயர் அலெய்சோ த மெனேசசு காலத்தில் 1606-இல் தொடங்கப்பெற்று 1627-இல் கட்டி முடிக்கப்பட்டது. 1636-இல் தீக்கு இரையாகி மீண்டும் எழுந்தது. கீழ்த்திசையிலே பெண் துறவியருக்கென எழுந்த முதல் பெரும் மடங்களுள் ஒன்று இது. 1835-இல் போர்ச்சுகீசிய அரசு துறவற சபைகளை நீக்கியபோது புதிய கன்னியரைச் சேர்த்தலும் நின்றது. எஞ்சியோர் ஒருவர் பின் ஒருவராக மறைந்தனர். 1885-இல் கடைசிக் கன்னியும் கண் மூடினார்.

கிறித்தவக் கலைப் பொருள்களுக்கென்று ஒரு காட்சிச்சாலை முதலில் இங்கே தோன்றவில்லை. 1994-ஆம் ஆண்டு சால்சேத்துப் பகுதியிலுள்ள ரஷோல் குருமடத்தில் அது தொடங்கப்பெற்றது. கோவா உயர் மறைமாவட்டமும், இந்தியக் கலை மரபுகளைக் காக்கும் இன்டாக் நிறுவனமும், போர்ச்சுகலின் குல்பென்கியன் அறக்கட்டளையும் ஒருங்கு கூடிச் செய்த பணி அது. ரஷோல் தொலைவில் இருந்தமையால் 2002-இல் சாந்தா மோனிக்கா மடத்தைச் சார்ந்த தேவாலயத்துக்கே காட்சிச்சாலை மாற்றப்பட்டது. பின்னர் நெடிய சீரமைப்பு நடைபெற்று, 2022 மே மாதத்தில் மீண்டும் திறக்கப்பெற்றது. கோவாவின் மழை நம் தீவு மழைக்கு இளைத்ததன்று. ஈரம் மிகுந்தால் மரம் பூஞ்சை பிடிக்கும். திடீரென உலர்ந்தால் தந்தம் வெடிக்கும். காற்றுப் பட்டால் வெள்ளி கறுக்கும். இவ்வளவையும் அடக்கிக் காப்பதற்கு அன்பு மட்டும் போதாது. அறிவும் பொருளும் வேண்டும்.

உள்ளே கண்டவை

ஆலயத்தின் உயர்ந்த கூரையின்கீழ் அடி வைத்ததும் பேச்சுத் தானாகவே தணிந்துவிடுகிறது. நாம் பார்த்தவற்றுள் நெஞ்சில் நின்ற சிலவற்றை மட்டும் இங்கே கூறுவோம்.

முதலாவது, தந்தத்தில் கடைந்த நல்லாயன் சுரூபம். கோவாவில் 17-ஆம் நூற்றாண்டில் பெருகச் செய்யப்பெற்ற வகை இது. மலை போன்ற பீடம் படிப்படியாய் உயர்கிறது. அடியில் ஒரு குகை. அதனுள் மகதலேன் மரியாள் சாய்ந்து நூலொன்றை நோக்குகிறாள். அதன்மேல் ஆடுகள் நீரூற்றில் நீர் அருந்துகின்றன. உச்சியில் இயேசு சிறுவன் ஆட்டிடையனாய் அமர்ந்து, ஒரு கையைக் கன்னத்தில் ஊன்றி, கண்களை மூடியவாறு இருக்கின்றான். தோளில் ஓர் ஆட்டுக்குட்டி; மடியில் மற்றொன்று. மேலை நாட்டு நல்லாயன் ஆட்டைத் தோளிற் சுமந்து நடப்பவன். இங்கோ அவன் அமர்ந்துவிட்டான், கண் மூடிவிட்டான், தியானத்தில் ஆழ்ந்துவிட்டான். போதிமரத்தடியில் அமர்ந்த புத்தர் பெருமானின் சாயலை இதில் கண்ட அறிஞர் பலர். செதுக்கியவனின் உள்ளத்தில் அமைதிக்கு உரிய உருவம் அதுவாகவே இருந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, தந்தத்தாலான பிற சுரூபங்கள். இவற்றுட் பலவற்றில் உடல் ஒரு பக்கமாய் மெல்ல வளைந்திருக்கும். அது கலைஞன் விரும்பிச் செய்த ஒயில் மட்டும் அன்று. யானைத் தந்தமே வளைந்தது. பெரியவர் இதனைக் கண்டதும் முகம் மலர்ந்தார். “மரத்தின் ஓட்டத்துக்கு எதிராக உளி பிடிக்கிறவன் தச்சன் அல்லன், அம்மா. பொருள் எப்படி வளைகிறதோ அப்படித் தன் எண்ணத்தை வளைத்துக் கொள்கிறவனே தச்சன். இதைச் செய்தவன் நம்மவன்தான்” என்று பேத்தியிடம் சொன்னார்.

மூன்றாவது, நற்கருணைப் பேழையும் கதிர்ப்பாத்திரமும் ஒன்றாய் இணைந்த வெள்ளி வேலைப்பாடு. கோளம் போன்ற அடியின்மேல் கூழைக்கடாப் பறவை நிற்கிறது. அப்பறவை பஞ்ச காலத்தில் தன் மார்பைத் தானே அலகால் கீறி, குருதியைக் குஞ்சுகளுக்கு ஊட்டும் என்பது ஐரோப்பாவின் பழங்கதை. ஆகவே அது தம்மையே பலியாகத் தந்த கிறித்துவுக்கு அடையாளமாயிற்று. நெல்லைச் சீமையின் கூந்தன்குளத்தில் கூழைக்கடாவை மரக்கிளைகளில் கண்டு வளர்ந்தவர் நம்முள் உண்டு. அவர்களுக்கு அப்பறவையின் பெயர் தெரியும், இக்கதை தெரியாது. இரண்டும் ஒரு தட்டானின் பட்டறையில் சந்தித்தன.

நான்காவது, பயணப் பலிபீடம். ஊர் ஊராய்ச் சென்ற குருக்கள் பூசைக்கு வேண்டிய பொருள்களைப் பெட்டிக்குள் அடக்கி எடுத்துச் சென்று, சேர்ந்த இடத்தில் விரித்து வைத்தனர். கடல் கடந்து வந்த நம் மூதாதையர் தகரப் பெட்டிக்குள் ஒரு விளக்கும், ஒரு படமும், ஒரு திருநீற்றுப் பையோ செபமாலையோ வைத்து வந்தார்கள் அல்லவா? தெய்வத்தைப் பெட்டியில் வைத்துப் பயணம் போகும் தேவை எல்லாச் சமயத்தாருக்கும் ஒன்றே என்று அங்கே தோன்றிற்று.

ஐந்தாவது, பூசை உடைகள். பட்டின்மேல் பொன் சரிகையும் வண்ண நூலும் கொண்டு பூவும் கொடியும் தைத்திருக்கின்றனர். கோவாவின் தேவாலயங்களில் பிரசங்க மேடைகளைத் தாங்குவதாக மரத்தில் செதுக்கிய பெண் உருவங்களையும் இங்கே சேர்த்துக் கூறலாம். இடைக்குக் கீழே பாம்பு வால் சுருண்டிருக்கும். ஐரோப்பியர் அதனைக் கடற்கன்னி என்பர். நம்மவரோ நாககன்னி என்பர். ஓர் உருவத்தை இரு கூட்டத்தாரும் தத்தம் பெயரிட்டு வணங்கவோ வியக்கவோ இயன்றது. அதுவே இக்கலையின் மறைபொருள்.

செய்த கை எவர் கை?

இப்பொருள்களுக்குப் பணம் கொடுத்தவர் போர்ச்சுகீசியர். மாதிரிப் படங்கள் பல ஐரோப்பாவில் அச்சானவை. பொருள் ஆப்பிரிக்கத் தந்தமும் இந்தியத் தேக்கும் சீனப் பட்டும். செய்த கை மட்டும் இந்நாட்டுக் கை. அக்கைகளுள் கிறித்தவர் கையும் உண்டு. இந்துக்கள் கையும் உண்டு. இதற்குச் சான்று வேடிக்கையான வகையிற் கிடைக்கிறது. 1567-இல் கோவாவில் கூடிய திருச்சபை மன்றம், கிறித்தவர் தம் சுரூபங்களையும் சிலுவைகளையும் பாத்திரங்களையும் பிற சமயக் கைவினைஞரைக் கொண்டு செய்விக்கலாகாது என்று தடை விதித்தது. நடவாத ஒன்றைத் தடுக்க எவரும் சட்டம் இயற்றுவதில்லை. அத்தடை பின்னும் வற்புறுத்தப்பட்டது என்றால், அது மீறப்பட்டது என்பதே பொருள். நல்ல தட்டானும் நல்ல தச்சனும் எச்சமயத்தானாயினும், வேலை நன்றாய் வேண்டுவோர் அவனையே நாடினர்.

ஆயினும் அவர்களுள் ஒருவன் பெயரும் பலகையில் இல்லை. மடம் கட்டிய பேராயர் பெயர் இருக்கிறது; பொருளைத் தந்த பெருமக்கள் பெயர் இருக்கிறது. நல்லாயனைக் கண் மூடச் செய்தவன் பெயர் எங்கும் இல்லை. அறுவை ஆலைத் தொழிலாளர் பெயரும் அவ்வாறே போய்விடுமோ என்று பெரியவர் தம்முள் சொல்லிக் கொண்டதைக் கேட்டோம்.

மறைக்கலாகாத மறுபக்கம்

பேத்தி ஒரு கேள்வி எழுப்பினாள். “தாத்தா, இவ்வளவு அழகையும் பார்க்கிறோம், ஆனால் இதைச் செய்வித்தவர்கள் நம் கோயில்களை இடித்தவர்கள் அல்லவா? நாம் மகிழ்வதா, வருந்துவதா?”

கேள்வி நேர்மையானது. 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசிய ஆட்சிப் பகுதியில் கோயில்கள் இடிக்கப்பட்டன. அடியார்கள் தெய்வத் திருமேனிகளைத் தூக்கிக் கொண்டு ஆற்றுக்கு அப்பால் ஓடினர். மங்கேசி ஆலயம் 1560-இல் அங்ஙனம் இடம் பெயர்ந்ததே. அதே ஆண்டில் கோவாவில் நிறுவப்பெற்ற சமய விசாரணை மன்றம், இடையில் சில ஆண்டுகள் நீங்கலாக, 1812 வரை நடைபெற்றது. புதிதாகக் கிறித்தவரானோர் பழைய வழக்கங்களைக் கைவிடவில்லை என்ற ஐயத்தின்பேரிலும் பலர் அதில் துன்புற்றனர். இதனை மறைத்து அழகை மட்டும் கூறுவது வரலாறு ஆகாது.

பெரியவர் சிறிது நேரம் விடை கூறவில்லை. பின்னர் சொன்னார்: “அம்மா, இடித்தவன் ஒருவன், செதுக்கியவன் வேறொருவன். இடித்தவனைக் கோபித்துக்கொண்டு செதுக்கியவனையும் மறந்துவிட்டால், அவனுக்கு இரண்டு முறை தீங்கு செய்தவர் ஆவோம். அடிமைப்பட்ட காலத்திலும் அவன் தன் கையை அடிமையாக்கவில்லை. பார், பாம்பு வாலை வைத்துவிட்டான்; தியானத்தை வைத்துவிட்டான்.”

பேத்தி முழுவதும் இணங்கினாள் என்று சொல்வதற்கில்லை. “அவன் விரும்பி வைத்தானா, வேறு தெரியாமல் வைத்தானா?” என்று மீண்டும் கேட்டாள். இருவரும் மாலை வரை அதனைப் பற்றியே பேசினர். காட்சிச்சாலைகள் இத்தகைய பேச்சுக்கு இடந்தரும் வரையில் பயனுள்ளவையே.

இப்பொருள்களைக் காக்கும் பணியில் ஓர் உயிரும் போயிருக்கிறது. 2012-ஆம் ஆண்டில் கொள்ளையர் காட்சிச்சாலையுள் புகுந்து காவலாளியைக் கொன்று, பழம்பொருள்களைக் கவர்ந்தனர். காவலுக்கு நின்ற அந்த எளிய மனிதரையும், பெயரற்ற கைவினைஞரையும் ஒரு சேர நினைத்துக் கொண்டு வெளியே வந்தோம்.

தமிழகத்திலும் ஈழத்திலும்

இத்தகைய கலப்பு கோவாவுக்கே உரியதன்று. இலங்கையின் கோட்டை அரசர் 1540-களில் லிஸ்பனுக்கு அனுப்பிய தந்தப் பேழை ஜெர்மனியின் மியூனிக் நகரில் இன்றும் உள்ளது. அதனைக் கடைந்தவர் இலங்கைக் கைவினைஞரே. தூத்துக்குடியில் பனிமய மாதாவுக்குத் தங்கத்தேர் உண்டு. தேர் என்னும் எண்ணமே நம் கோயில் வீதிகளிலிருந்து சென்றது. தேம்பாவணி பாடிய வீரமாமுனிவர் கோணான்குப்பத்தில் நிறுவிய பெரியநாயகி மாதா, தமிழ்ப் பெண்ணின் உடையும் தமிழ்த் தாயின் பெயரும் பூண்டு நிற்கிறாள். 1620-இல் தேனியர் கோட்டை கட்டிய தரங்கம்பாடியில், சீகன்பால்கு 1706-இல் வந்து இறங்கித் தமிழ் கற்று அச்சகம் அமைத்தார். அங்கும் காட்சிச்சாலை உண்டு. மாதா கோயில்களில் உச்சியில் சிலுவை வைத்த குத்துவிளக்கையும், தாலியில் பொறித்த சிலுவையையும் கண்டவர் நம்முள் பலர். தாய்வீட்டுப் பழக்கத்தைப் புகுந்த வீட்டுக்கு எடுத்துச் செல்லும் மருமகள் போன்று, கலை சமயத்தின் வாயில் கடந்து சென்றிருக்கிறது.

நம் தீவுகளில்

இனி நம் வீட்டு முற்றத்தையே பார்ப்போம். 1789-இல் பிளேர் என்பார் முதற் குடியேற்றத்தை அமைத்த இடம் இச்சாத்தம் தீவே. எதிரே ராஸ் தீவில் (2018 முதல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு) ஆங்கிலேயர் எழுப்பிய தேவாலயம், கூரையின்றி, ஆலமரத்தின் வேர்கள் சுவரைத் தழுவி நெரிக்க நிற்கிறது. 1941-இன் நிலநடுக்கமும் அதனைத் தொடர்ந்த போரும் அத்தீவை வெறுமையாக்கின.

நிக்கோபார் மக்களின் பழைய மர உருவங்களும் பலகை ஓவியங்களும் இன்னும் வியப்புக்குரியவை. நோயையும் தீய ஆவியையும் விரட்ட வீடுகளில் வைத்த அவ்வுருவங்கள் சிலவற்றில் ஐரோப்பியத் தொப்பியும் சட்டையும் காணப்படும். பலகைகளில் கதிரவன், நிலவு, மீன் ஆகியவற்றோடு பாய்க்கப்பலும் வரையப்பட்டிருக்கும். அவற்றில் ‘தேவுசே’ என்னும் பெயரால் குறிக்கப்படும் உருவம், கடவுளைக் குறிக்கும் போர்ச்சுகீசியச் சொல்லிலிருந்து பெயர் பெற்றது என்பர் அறிஞர். கோவாவிலிருந்து கிழக்கு நோக்கிச் சென்ற கப்பல்களின் நிழல் நம் தீவுகளின் மரத்திலும் விழுந்திருக்கிறது! பிற்காலத்தில் கார் நிக்கோபாரில் பிறந்த ஆயர் ஜான் ரிச்சர்ட்சன் தம் மக்களிடையே கிறித்தவத்தைப் பரப்பி, அவர்தம் மொழிக்கும் தொண்டு செய்தார். நிக்கோபாரியர் வாழ்வைக் காட்டும் பொருள்களை நம் நகரிலுள்ள மானிடவியல் காட்சிச்சாலையிற் காணலாம். நகருக்கு 2024-இல் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாறினும், நம் நாவில் போர்ட் பிளேர் என்றே அது நடமாடுகிறது.

2004 டிசம்பர் 26-ஆம் நாளை நாம் மறப்பதற்கில்லை. ஆழிப்பேரலை கார் நிக்கோபாரிலும் கச்சாலிலும் உயிர்களோடு எவ்வளவு பொருள்களையும் வாரிச் சென்றது! கோயில் மணிகள், மாதா கோயிற் சுரூபங்கள், திருமணப் படங்கள், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோர் கொண்டு வந்த பெட்டிகள் ஆகியவை எவர் ஏட்டிலும் பதியாமலே போயின. பதிந்திருந்தால் பொருள் போயினும் அதன் கதையேனும் எஞ்சியிருக்கும்.

நாம் செய்ய வேண்டுவது

பெருஞ்செல்வர் அறக்கட்டளை வந்தால்தான் காட்சிச்சாலை அமைக்கலாம் என்று எண்ணி வாளா இருத்தல் வேண்டா. ரஷோல் குருமடத்தில் தொடங்கியதும் சிறிதாகவே தொடங்கிற்று. நம் குடும்பங்கள் பின்வருவனவற்றை இம்மாதமே செய்யலாம்.

வீட்டிலுள்ள பழம்பொருள் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஏட்டில் ஒரு பக்கம் ஒதுக்குக. இரங்கூனிலிருந்து வந்த தேக்குப் பெட்டியாயினும், இராமநாதபுரத்துக் குத்துவிளக்காயினும், படாக்கு மரத்தில் தாத்தா செய்த தொட்டிலாயினும் ஆகுக. அது என்ன, எந்த ஊரில் செய்தது, செய்தவர் பெயர் என்ன, யார் எந்த ஆண்டில் எந்தக் கப்பலில் கொண்டு வந்தார் என்பவற்றை எழுதி, ஒரு புகைப்படமும் ஒட்டுக. செய்தவர் பெயர் தெரிந்திருந்தால் அதனை முதல் வரியிலேயே எழுதுக. கோவாவில் நாம் தேடிக் காணாதது அதுவே.

பழைய பித்தளையையும் வெள்ளியையும் புளியோ அமிலமோ இட்டுப் பளபளப்பாகத் தேய்த்து நுண்ணிய வேலைப்பாட்டை அழித்துவிடுதல் வேண்டா. மெல்லிய துணியால் துடைத்தல் போதும். மரப் பொருளைத் தரையிலும் சுவரிலும் ஒட்டி வையாமல் காற்றோட்டம் விட்டு வைக்க. மழைக்காலத்தில் மாதம் ஒரு முறை கறையான் வந்துளதா என்று பின்புறத்தையும் நோக்குக. சுரூபமோ திருமேனியோ நிறம் மங்கிவிட்டதென்று கடை வண்ணம் பூசிவிடுதல் பெருந்தீங்கு. வண்ணத்தின் அடியில் இருக்கும் கை என்றென்றும் மறைந்துவிடும்.

கோயிலாயினும், மாதா கோயிலாயினும், மசூதியாயினும், பொறுப்பாளர்கள் தத்தம் பொருள்களுக்கு ஒரு பட்டியல் வைத்துக் கொள்ளுதல் நலம். திருடர்க்கு அஞ்சியும், கடலுக்கு அஞ்சியும், மறதிக்கு அஞ்சியும் அதன் ஒரு படியை வேறிடத்தில் வைத்தல் வேண்டும். இம்மூன்று அச்சங்களுள் மறதியே கொடியது. திருடனும் கடலும் எப்போதாவது வருவார்கள், மறதி நாள்தோறும் வருகிறது.

தாயகம் செல்வோர் ஒரு முறையேனும் பழைய கோவாவுக்குச் செல்க. புறப்படுமுன் காட்சிச்சாலை திறந்திருக்கும் நாளையும் நேரத்தையும் கேட்டறிக. பிள்ளைகளை அழைத்துச் செல்க. அவர்கள் கேள்வி கேட்டால் தடுக்காதீர்கள்.

கோவாவிலிருந்து திரும்பிய மறுவாரமே பேத்தி தன் தாத்தாவின் அருகில் அமர்ந்து, அறுவை ஆலையில் அவருடன் வேலை பார்த்த தச்சர்களின் பெயர்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டு எழுதத் தொடங்கிவிட்டாள். தெலுங்கர், வங்காளியர், மலையாளிகள், இராஞ்சியிலிருந்து வந்தோர், தமிழர் என்று அப்பட்டியல் இதுவரை நாற்பத்திரண்டு பெயரைத் தாண்டியுள்ளது. அன்பர்கள் தமக்குத் தெரிந்த பெயர்களையும் நம் சங்கத்துக்கு எழுதி அனுப்புவார்களாக.